நான் அழித்த பாதை

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து சாரல். மழைக்கோட்டு தோள்பட்டையில் கிழிந்து உள்ளே தண்ணீர். எடுத்த ரத்தத்தை வைக்கும் ஐஸ் பெட்டி மட்டும் நனையவில்லை. அது லேப் சொத்து, என்னைவிடப் பத்திரம். சீசன் கூட்டம் இன்றே தொடங்கிவிட்டது. குற்றாலம் ரோட்டில் வேன் வேனாக, எல்லோர் கழுத்திலும் துண்டு.

வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போன வழியில் கண்டது. இல்லாமல் போனவை:

– மேலகரம் பக்கம் டீக்கடை. அடுப்பு இருந்த கருப்புத் தடம் மட்டும்.
– ரோட்டை அகலப்படுத்திய இடத்தில் புளியமரங்கள். வரிசையே காணோம்.
– லேப்புக்கு எதிரே ஏடிஎம். ஷட்டரில் ‘வாடகைக்கு’.
– செங்கோட்டை ரோட்டில் பஸ் ஸ்டாப் நிழற்குடை. லாரி மோதியதாம்.

சாயங்காலம் தலை துவட்டியதும் போனை எடுத்து எல்லாவற்றையும் வரைபடத்திலிருந்து தூக்கினேன். என் வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து வந்து, கிரீஸ் கையோடு எட்டிப் பார்த்தார். “ஏட்டி, இதுக்கு எவன் ஒனக்குச் சம்பளம் குடுக்கான்?”

எவனும் இல்லை. ஊர்க்காரர்களே சேர்ந்து வரையும் வரைபடம். யாரும் சேர்க்கலாம், யாரும் அழிக்கலாம், எத்தனையோ ஆப் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறது. சேர்க்க ஆள் உண்டு. கோயில், பேக்கரி, மாமனார் வீடு என்று ஆசை ஆசையாகச் சேர்ப்பார்கள். போனதை எடுக்கத்தான் நாதி கிடையாது. தென்காசி வட்டாரத்தில் அந்தத் துப்புரவு வேலை என் தலையில். நானாக ஏற்றிக்கொண்டதுதான்.

இன்னொன்று. வாய்க்கால்கரைக் குடியிருப்பிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகும் நடைபாதை மேல் யாரோ பேர் போடாமல் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறார்கள். “இங்கே பாதை இல்லை. ரிசார்ட் காம்பவுண்ட் சுவர் உள்ளது. மேப்பைப் பார்த்து வெளி ஆட்கள் வந்து முட்டுகிறார்கள். நீக்கவும்.” போய்ப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. தரையில் இருப்பதுதான் படத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அதுதான் முதல் விதி.

துவைக்கப் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. வீடெல்லாம் வாடை.

ஜூலை 5, சனி

லேப்புக்குப் போகுமுன் ரிசார்ட் பக்கம் போனேன். மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றங்கரைச் சந்து வழியாக உள்ளே. புதுச் சுவர். என்னைவிட உயரம். கேட் இல்லை, சின்ன வாசல்கூட இல்லை. சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு நெருஞ்சி. ஆள் நடந்த தடம் எங்கேயும் இல்லை. போட்டோ எடுத்தேன்.

அங்கேயே நின்று பாதையைத் தொட்டேன், அழித்தேன். காரணம் எழுதும் இடத்தில்: “நேரில் பார்த்தேன். சுவர். பாதை இல்லை.” அந்தக் குறிப்பையும் முடித்து வைத்தேன். பல்லில் சிக்கியதை எடுத்த மாதிரி ஒரு நிம்மதி.

மெயின் அருவியில் குளிக்கத் தடை. வெள்ளம். வந்த வேன் எல்லாம் ஐந்தருவிக்குத் திரும்பி, அங்கேயும் தடையாகி, ரோட்டிலேயே நின்று பரோட்டா தின்கிறார்கள். ஒருத்தன் என்னிடம், “அக்கா, தண்ணி வராத அருவி எதுவும் இருக்கா, குளிக்கிறதுக்கு?” நல்ல கேள்வி.

ஒரு கிலோ ரம்புட்டான் வாங்கினேன். பாதி புளிப்பு.

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு ஏது ஞாயிறு. வாய்க்கால்கரையில் சுடலைமுத்து தாத்தாவுக்கு வாராந்திர ரத்தம். கிட்னி. டயாலிசிஸ் மாட்டேன் என்று பிடிவாதம். கையைத் தொட்டால் ஊதிப்போய், விரல் பதிந்த இடம் குழியாகவே நிற்கிறது. வாய் மட்டும் குறையவில்லை.

“பூரா ரத்தத்தையும் உறிஞ்சிட்டியம்மா. பாடையில வச்சா காத்துல பறந்துரப்போறேன்.”

மருமகள் கோமதிக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் துணி வெளுக்கும் வேலை. மகன் பேச்சிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கோமதி வெளியே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “எங்க அத்தய ஆத்தங்கர சுடுகாட்டுலதான் பொதச்சிருக்கு. மாமாவும் அவுக பக்கத்துலதான் போவணும்ங்காவ. இப்ப தோப்ப ரிசார்ட்டுக்காரன் வாங்கி, பாதைய மறிச்சுச் செவரு கெட்டிட்டாம்லா. சித்திரைலருந்து தெருவுல சாவு இல்ல. அதனால சண்டை வரல. மொத ஆளு மாமாதான்னு தெருவே பாத்துக்கிட்டு இருக்கு.”

சுடுகாடு. அந்தப் பாதை சுடுகாட்டுக்குப் போவது என்று எனக்குத் தெரியாது. ஆற்றில் குளிக்கப் போகிற குறுக்குவழி என்றே நினைத்திருந்தேன்.

“ரோடு சுத்திப் போனா என்ன?” என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“சீசன் கூட்டத்துலயா? வேனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல பொணத்தத் தூக்கிக்கிட்டா? அதுவும் போவ, ஒருதடவ சுத்திப் போயிட்டா அதுதான் பாதைன்னு ஆயிரும்க்கா. பெறகு எந்தக் காலத்துலயும் அவன் தெறக்க மாட்டான்.”

வியாழக்கிழமை தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தையாம். தோப்பு பட்டா நிலம், அதனால் சர்க்கார் காகிதம் எதிலும் பாதை கிடையாது. காலங்காலமாக நடந்தார்கள், அவ்வளவுதான். கோமதி முகம் கொஞ்சம் தெளிந்தது. “ஒரே ஒரு சாட்சி கெடச்சிருக்குக்கா. இவுக லோடு ஏத்தப் போவயில போன்ல பாப்பாவள்லா, அந்த மேப்புல பாதை கோடு போட்டிருக்கு. போன மாசமே பிரிண்ட் எடுத்து வச்சாச்சு. நாங்க வரையல, யாரோ பொது ஆளு வரைஞ்சது. அதான் பெலம்.”

அந்தக் கோட்டை நேற்று அழித்தது நான். சொல்லவில்லை. “பாதையைப் பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டேன்.

தெருக்கடைசியில் வேப்பமரம், அங்கிருந்து வாய்க்கால் மேல் ஒரு ஆட்டோ போகிற அகலத்துக்குச் சிமெண்ட் பலகை, பிறகு பாதை. புல் முளைக்காமல் வெள்ளையாக, நடந்து நடந்து தேய்ந்து, சுவரில் போய் முட்டி நிற்கிறது. இந்தப் பக்கம் இன்னும் ஆடு மேய்க்கவும் விறகுக்கும் நடக்கிறார்கள். நான் பார்த்தது ஆற்றுப் பக்கத்து முனை. சுவர் வந்தபின் அங்கே யாரும் நடக்காமல் முள் மண்டிவிட்டது. ஒரு முனையைப் பார்த்துவிட்டு முழுப் பாதையையும் அழித்திருக்கிறேன். எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருப்பேன்! கழுதை மாதிரி அதையே செய்திருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

மேப் வரைகிறவர்களின் குழுவில் விஷயத்தைப் போட்டுக் கேட்டேன். உடனே ரெண்டு கட்சி.

கோவைக்காரர்: “மறித்தது வேறு, போனது வேறு. இல்லாமல் போனதைக்கூட ஒரேயடியாக அழிக்காமல் ‘முன்பு இருந்தது’ என்று குறித்து வைப்பதுதான் வழக்கம். மறித்ததை எப்படி அழித்தீர்கள்? மீண்டும் வரைந்து சுவரையும் வரையுங்கள்.”

சென்னைக்காரி: “நடுவில் யாரும் நடக்க முடியாதென்றால் நடுவில் பாதை இல்லை. பஞ்சாயத்து நடக்கும் இடத்தில் நாம் கட்சி சேரக்கூடாது. யார் பாவமோ அவர் பக்கம் கோடு போட்டால் நாளைக்கு யாரும் மேப்பை நம்ப மாட்டார்கள்.”

இரண்டும் சரியாகப் படுவதுதான் என் எரிச்சல். இதே சென்னைக்காரி பேச்சை நான் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன். கடைசியில் கண்ணால் கண்டதை மட்டும் செய்தேன். ஊர்ப்பக்கத்துப் பாதையைச் சுவர்வரை வரைந்தேன். ஆற்றுப் பக்கத்துத் துண்டை ‘புதர் மண்டியது’ என்று போட்டேன். சுவர் இரண்டையும் போட்டேன். நடுவில் தோப்பு இருந்த இடம் வெறுமை. திரையில் பார்க்கவே அசிங்கம்.

மத்தியானம் தெரியாத நம்பர். ரிசார்ட் மேனேஜர். தேன் சொட்டும் குரல்.

“மேடம், பாதைய எடுத்தது நீங்கதான? ரொம்ப உபகாரம். அன்னைக்கே வக்கீல் பிரிண்ட் எடுத்து வச்சிட்டாரு.”

எப்படித் தெரிந்தது? வரைபடத்தில் என் அறிமுகத்தில் நானே பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன்: தென்காசி, லேப் வேலை, ரத்தம் எடுக்கப் போகும் வழியில் வரைவேன் என்று. என்னைத் தவிர வேறு யார்? நம்பர் லேப்பில் கேட்டாலே கிடைக்கும்.

இன்று திருத்தியதையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு. “ரெண்டு ஓரத்துல என்ன வேணா போட்டுக்கிடுங்க. நடுவுல மட்டும் கைவச்சிராதிங்க மேடம். ஆங், ஒங்க லேப் சார்கிட்ட எங்க ஸ்டாஃப் செக்கப் பூரா பேசியிருக்கோம், சொன்னாருல்லா?”

எதற்கு அதை என்னிடம் சொல்ல வேண்டும்?

கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெயிலும் சாரலும் மாறி மாறி. கோமதி போன் பண்ணி அவசரமாகக் கூப்பிட்டாள். தாத்தாவுக்கு மூச்சு இரைக்கிறது. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார்.

நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று ஆரம்பித்தாள். “அக்கா, தெரியுமா சேதி? மேப்புல எங்க பாதையக் காணோம். இவுக ராத்திரி போன்ல பாத்துட்டு மூஞ்சி செத்துப் போனாவ. அங்கன ஒரு துண்டு இங்கன ஒரு துண்டு கெடக்கு, நடுவுல ஒண்ணும் இல்ல. எந்தப் பாதகத்தி அழிச்சாளோ, அவ கையில புத்து வைக்க. அவளுக்குப் போவ வழி இல்லாம நாறிக் கெடக்க!”

ஊசி நரம்பைத் தப்பியது. எத்தனையோ வருஷத்தில் இப்படித் தப்பியதில்லை. தாத்தா “ஸ்ஸ்” என்றார். மன்னிப்புக் கேட்டேன், அவரிடம். இன்னொரு கையில் எடுத்தேன்.

“அழிச்சது பொம்பளன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் தாத்தா, கண்ணை மூடிக்கொண்டே.

“வாய்ல வந்துச்சு மாமா.”

“விடுட்டி. மேப்புல இல்லன்னா என்ன. எம் பொண்டாட்டி அங்கனதான கெடக்கா? அவ என்ன மேப்பு பாத்தா போனா?” சொல்லிவிட்டு இருமல். பிறகு என்னைப் பார்த்தார். “நீ ஏம்மா அழுத?”

மழைத்தண்ணி என்றேன். வீட்டுக்குள் ஏது மழை.

ஜூலை 9, புதன்

ரிசல்ட் மோசம். எண்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள்தான்.

முதலாளி உள்ளே கூப்பிட்டார். கோபமே இல்லை, அதுதான் பயம். “ஏம்மா, ரிசார்ட் ஆளுங்களோட ஒனக்கு என்ன தகராறு? பெரிய எடம். வருஷம் பூரா வேலை குடுப்பாங்க. நாளைக்கு லீவு கேட்டிருக்கியே, தாலுகா ஆபீசுக்கா?” ஆமாம் என்றேன். “யோசிச்சுக்கோ” என்றார்.

வீட்டில் இவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார். “ஏளா, நீ போயி என்ன சொல்லப்போற? அழிச்சது நாந்தான்னா? ரெண்டு பக்கமும் ஒன்ன மிதிப்பானுவ. அந்தத் தெருவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கப் போவியா நீ?”

“போகாட்டா அந்த வக்கீல் கையில இருக்கிற பிரிண்ட் என் கையெழுத்து மாதிரி இருக்கும்லா.”

“ஒன் வேலை போச்சுன்னா?”

வேலை போய்விடும் என்று எனக்கும் பயம்தான். தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது. இவர் எழுந்துபோய் முக்குக்கடையில் வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தார்.

ஜூலை 10, வியாழன்

தாலுகா ஆபீஸ். மழைக்கு ஒதுங்கிய கூட்டம் ஒருபக்கம், எங்கள் கூட்டம் ஒருபக்கம். வாய்க்கால்கரையிலிருந்து ஒரு வேன் ஆள். கோமதி என்னைக் கண்டதும் சந்தோஷமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “எங்களுக்காகவா வந்திய?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்துவிடலாம் போல இருந்தது.

ரிசார்ட் வக்கீல் பிரிண்டை நீட்டினார். “இது கம்பெனி மேப் இல்ல சார், பொதுஜனமே வரையுறது. அதுலயே பாதை இல்ல.” பேச்சிமுத்து பழைய பிரிண்டை நீட்டினான். தாசில்தார் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தார். “என்னய்யா, போன மாசம் இருந்த பாதை இந்த மாசம் எங்க போச்சு?”

எழுந்து நின்றேன். “நான் அழிச்சேன் சார்.”

“நீங்க யாரு? சர்வே டிபார்ட்மெண்டா?”

“இல்ல சார். லேப்ல ரத்தம் எடுக்கேன்.”

சிரித்தார்கள். தாசில்தார் சிரிக்கவில்லை. யார் கேட்டு அழித்தீர்கள் என்றார். பேர் இல்லாத குறிப்பு, போய்ப் பார்த்தது, ஆற்றுப் பக்கம் மட்டும் பார்த்தது, ஊர்ப்பக்கம் பார்க்காதது, எல்லாம் சொன்னேன். “அரைகுறையாப் பாத்து அழிச்சிட்டேன். அந்தப் பிரிண்ட்ட வச்சு யாரும் பாதை இல்லன்னு சொல்லக் கூடாது சார். ஊர்ப்பக்கம் செவரு வரைக்கும் ஆள் நடந்த தடம் இன்னைக்கும் இருக்கு.”

வக்கீல் விடவில்லை. “அப்போ இந்தம்மா வரைஞ்சா பாதை இருக்கு, அழிச்சா இல்ல. இது ஒரு சாட்சியா சார்? ரெண்டையும் ஓரமா வைங்க.” அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. என் தப்பைத் திருத்தப் போய், அவர்களிடம் இருந்த ஒரே காகிதத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன்.

முடிவு: அடுத்த புதன் சர்வேயர் வருவார். அதுவரை இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு குரல்: “அதுவரைக்கும் சாவவும் கூடாதா சார்?”

வெளியே வந்ததும் கோமதியைத் தேடினேன். வேன் பக்கத்தில் நின்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அன்னைக்கு நான் வுட்ட ஏச்செல்லாம் ஒங்களுக்கா?”

“ஆமா.”

“ஊசி குத்தயிலயே சொல்லியிருக்கலாம்லா.”

“பயம்.”

வேன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “ஏசுனதத் திருப்பி எடுத்துக்கிட மாட்டேன், பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

திங்கள்கிழமை முதல் வர வேண்டாம் என்று முதலாளி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். என்னிடம் நேரில் சொல்லவில்லை. ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். இவர் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

தாத்தா எப்படி இருக்கிறார் என்று யாரிடம் கேட்பது? கோமதிக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. பேச்சிமுத்துவுக்குப் பண்ணினேன், எடுத்தான். “நெனவு தப்பிருச்சுக்கா. ஆஸ்பத்திரிலருந்து வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்.”

சர்வேயருக்குப் புதன் வரை இருக்கிறது. தாத்தாவுக்கு இல்லை. நாள் முழுக்க அந்த வெறுமையைத் திறந்து திறந்து பார்த்தேன். கோடு போட ஒரு நிமிஷம் ஆகாது. போட்டால் அது பொய். அந்தப் பொய்யைப் போட்டுவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது.

ஜூலை 12, சனி

காலையில் பேச்சிமுத்து போன். தாத்தா இறந்துவிட்டார். இவர், “நானும் வாரேன், ஏறு” என்று வண்டியை எடுத்தார்.

மழை வெறித்திருந்தது. சங்கு, கொட்டு. தெருவில் போலீஸ் இரண்டு பேர், வம்பு பண்ணாமல் ரோடு வழியாகக் கொண்டுபோங்கள் என்று ஒவ்வொரு ஆளாகப் பிடித்துச் சொல்கிறார்கள். பேச்சிமுத்து மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு, “எங்கப்பன் நடந்த வழியிலதான் போவாரு” என்கிறான். வேறு ஒரு வார்த்தை இல்லை. இவர் ஆண்கள் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் பெண்கள் ஓரத்தில். ஒப்பாரி நின்ற இடைவெளியில் கோமதி நேரே என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன்.

“அக்கா, ஆளு நடந்தா போன்ல கோடு விழும்னு சொல்லுவாவளே, நெசமா?”

நிஜம். போனில் பதிவைப் போட்டுவிட்டுப் பையில் வைத்து நடந்தால், போன வழி அப்படியே பதியும். நாங்கள் பாதி பாதை வரைவதே அப்படித்தான்.

“அப்ப வாங்க, கூட நடந்து போயி...” என்றவள் நிறுத்திக்கொண்டாள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. தெருக்கடைசி வேப்பமரத்தோடு சரி. அவளும் நின்றுவிட வேண்டும், நானும்தான். கொள்ளிச்சட்டி பிடிக்கிற பேச்சிமுத்துவுக்கு வேட்டி தவிர வேறு துணி இல்லை, போன் வைக்கப் பை ஏது. இவர் நானாவது கொண்டு போகிறேன் என்றார். கோமதி கேட்கவில்லை. “போனத் தாங்க” என்று வாங்கினாள். பதிவைப் போட்டுக் கொடுத்தேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி, தாத்தா கால்மாட்டில் மாலைக்கு அடியில் செருகினாள். சனிப்பிணம் துணை தேடும் என்பதால் பாடையில் கோழிக்குஞ்சு கட்டியிருந்தது. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் என் போன்.

“மாமாவே போட்டும் கோட்ட” என்றாள். பிறகு தூக்குகிறவர்களைப் பார்த்து, “ஏலே, மறந்துராதிங்க. மாமாவோட சேத்துப் பொதைச்சிராதிங்க, அந்தக்கா வேலையத்தவ, புதுப் போனு வாங்க மாட்டா.” என் வேலை போன சேதி அவளுக்கும் எட்டியிருக்கிறது. அந்த அழுகையிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நானும்.

தூக்கினார்கள். பேச்சிமுத்துவின் லோடு ஆட்டோவை ஒருத்தன் பின்னால் ஓட்டிப் போனான். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டோம். வாய்க்காலைத் தாண்டியதும் தென்னை மறைத்துவிட்டது. கொட்டுச் சத்தம் மட்டும். தூரம் போகப் போகச் சின்னதாகி, திடீரென்று நின்றது.

சுவர்.

சத்தம் கேட்டது, ஆண்கள் கத்துகிற சத்தம், யார் என்று தெரியவில்லை. ரோட்டுப் பக்கம் ஒரு ஜீப் விரைந்தது. இவரை நினைத்தேன், வம்பில் மாட்டிக்கொள்வாரோ என்று. ஒரு பெண் “சுத்திக் கொண்டு போயிருவானுவ, பாரு” என்றாள். கோமதி அவள் பக்கம் திரும்பவே இல்லை. பேச்சிமுத்துவின் லோடு ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம், முக்கி முனகி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. சாரல் திரும்பவும் பிடித்தது. யாரும் ஒதுங்கவில்லை. என் கையில் கோமதியின் கை எப்போது வந்தது என்று தெரியாது, நகம் பதிகிற மாதிரிப் பிடித்திருந்தாள்.

பிறகு கொட்டு. முன்பைவிட மெல்லமாக, தூரத்திலிருந்து. ரோட்டுப் பக்கம் இல்லை. நேர் எதிரே.

“செவருக்கு அந்தப்பக்கம் கேக்குதுக்கா” என்றாள் கோமதி. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் இவர் வந்து சொன்னதுதான் மீதி. லோடு ஆட்டோவைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, பாடையை அதன்மேல் ஏற்றி, சுவர்மேல் ஆள் ஏறி நின்று தூக்கியிருக்கிறார்கள். போலீஸ் தடுத்துப் பார்த்து, பிணத்தை இழுக்க மனசில்லாமல் விலகிவிட்டது. உள்ளே மேனேஜர் போனில் கத்திக்கொண்டே இருந்தானாம். புல் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர், ரிசார்ட் பேர் போட்ட சட்டையோடு, கருவியைக் கீழே போட்டுவிட்டு வந்து அந்தப் பக்கம் கை நீட்டி வாங்கினார்களாம். தங்கியிருந்தவர்கள் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார்களாம். அடுத்த சுவருக்கு ரிசார்ட் ஏணியையே அந்த இரண்டு பேரும் எடுத்து வந்து சாத்தியிருக்கிறார்கள். நாளைக்கு அவர்களுக்கும் வேலை இருக்காது.

போன் வந்து சேர்ந்துவிட்டது. பையெல்லாம் செவ்வந்தி இதழ். துடைத்துத் திறந்தேன். வீட்டு வாசலில் தொடங்கி, தெரு, வேப்பமரம், வாய்க்கால், நேராகச் சுவர். சுவரடியில் கோடு நகராமல் நூல் சிக்கல் மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடக்கிறது. பிறகு மெல்ல ஏறி, வெறுமைக்குள் இறங்கி, புல்தரை நடுவே ஆற்றுப் பக்கம் போய், தாத்தா பெண்டாட்டி இருக்கிற இடத்தில் நிற்கிறது. நன்றாக அழுதேன்.

சென்னைக்காரியிடம் சொல்ல இனி எனக்கு ஒன்று இருக்கிறது: நடுவிலும் ஆள் நடந்தாயிற்று. நடுவில் பாதையை வரைந்தேன். சுவரையும் விட்டுவைத்தேன், அதுவும் தரையில் இருக்கிறது. பேர்: சுடுகாட்டுப் பாதை. காரணம் எழுதும் இடத்தில்: “இன்று நேரில் போனது. சுடலைமுத்து, வாய்க்கால்கரை.”

மேனேஜர் போனில் கூப்பிடுகிறான். அடிக்கட்டும்.